பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பயன்படுத்திய கியர்பாக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950களிலிருந்து 1980கள் வரை வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் மேனுவல் கியர்பாக்ஸை ஏற்கெனவே ஓடிய நிலையில் வாங்குவது, அதைப் பார்த்துச் சோதிப்பது, வாங்கிய பின் பேணுவது ஆகியவை குறித்துத் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கீழே ‘பெட்டி’ என்று வரும் இடமெல்லாம் கியர்பாக்ஸையே குறிக்கும்.

கேள்வி: கியர் மாற்றும்போது நறநறவென்று அரைக்கிறது. வேறு பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். பெட்டியின் மீது சுமத்தப்படும் பழிகளில் கணிசமான பகுதி கிளட்சுக்கு உரியது. எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில் விட்டு, கிளட்ச் பெடலை அடிவரை மிதித்துப் பத்து எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கோர்க்கும் முன் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்படுத்தும் அமைப்பு) கிடையாது. கிளட்ச் முழுமையாக விடுபட்டிருந்தால் அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் உள்ளே சுழலும் பற்சக்கரங்கள் நின்றுவிடும். ரிவர்ஸ் சத்தமின்றி விழும். அப்போதும் அரைத்தால் கிளட்ச் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாஸ்டர் சிலிண்டரிலோ ஸ்லேவ் சிலிண்டரிலோ கசிவு, உள்ளே உப்பிப்போன ரப்பர் ஹோஸ், பெடலின் பின் துளை தேய்ந்து நீள்வட்டமாகிப் போனது, கிராங்க் முனையில் உள்ள ஸ்பிகாட் புஷ் இறுகிப்போனது எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவற்றைப் பெட்டியை இறக்காமலேயே சரிசெய்துவிடலாம்.

ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும், அதுவும் கீழிறங்கி மாற்றும்போது மட்டும் அரைத்தால், அந்த கியரின் சின்க்ரோ தேய்ந்துள்ளது. அப்போதும் அது வேறு பெட்டி தேட வேண்டிய காரணமாகிவிடாது. கையிலிருக்கும் பெட்டியைப் பிரித்துச் சீர்செய்வதற்கான காரணம். முன்பின் தெரியாத பெட்டி ஒன்றை வாங்கி மாட்டுவதைவிட, எங்கே தேய்ந்திருக்கிறது என்று தெரிந்த சொந்தப் பெட்டியைப் பிரிப்பதே பல சமயம் நல்லது. உறை உடைந்திருந்தாலோ, பற்கள் முறிந்திருந்தாலோ, மாற்று உதிரிகள் கிடைக்காத நிலை வந்தாலோதான் வேறு பெட்டி தேடுவதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: சத்தத்தை வைத்துக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். அதற்குப் பெட்டியின் உள்ளே எது எப்போது சுழல்கிறது என்று மனத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முன்னால் எஞ்சின், பின்னால் டிரைவ் என்ற அமைப்புள்ள கார்களின் நான்கு கியர் பெட்டிகளில், நியூட்ரலில் கிளட்சை மிதிக்காமல் இருக்கும்போது கிளட்சிலிருந்து பெட்டிக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்டும், அதனோடு பிணைந்து அடியில் சுழலும் துணைத் தண்டான லேஷாஃப்டின் கியர்த் தொகுதியும் சுழன்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் கேட்கும் உறுமல் கிளட்சை மிதித்ததும் அடங்கிவிட்டால், இன்புட் பேரிங்கையோ லேஷாஃப்டின் நீடில் ரோலர்களையோ சந்தேகிக்கலாம். மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது ரிலீஸ் பேரிங்காகவோ (பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தும் பேரிங்) ஸ்பிகாட் புஷ்ஷாகவோ இருக்கும்.

ஓட்டும்போது கேட்பது இன்னும் தெளிவாகப் பேசும். முதல் மூன்று கியர்களிலும் முனகிவிட்டு நான்காவதில் அமைதியாகும் பெட்டியில் லேஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. நான்காவது, இன்புட்டின் சுழற்சி அப்படியே வெளியேறும் நேரடிக் கியர் என்பதால் அதில் லேஷாஃப்ட் சும்மா சுழலுமே தவிர, பாரம் சுமக்காது. இதே சோதனையை போர்ஷே 911இல் இருப்பது போன்ற, டிஃபரன்ஷியலும் ஒரே உறையில் சேர்ந்த டிரான்ஸ்ஆக்சில் பெட்டிகளில் செய்து பார்த்து ஏமாறாதீர்கள். அவற்றில் லேஷாஃப்ட்டும் இல்லை, நேரடிக் கியரும் இல்லை.

ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளி விழுவது வேறு வகை. கோர்க்கும் பற்களின் விளிம்பு மழுங்கியிருக்கலாம், கியரைத் தள்ளிக் கோர்க்கும் செலக்டர் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், போட்ட கியரை நிலையில் நிறுத்தும் பிடிப்புக் குண்டின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். எஞ்சின் மவுண்ட் கிழிந்து, எஞ்சினும் பெட்டியும் முன்பின் அசைந்து, கியர் லீவரை இழுத்துவிடுவதும் உண்டு. மவுண்டை முதலில் பாருங்கள், அது மலிவானது.

முதல் கியருக்கு சின்க்ரோ இல்லாத பழைய பெட்டிகளில் முதல் கியரும் ரிவர்ஸும் நேர்ப்பல் சக்கரங்கள். அவை ஊளையிடுவது இயல்பு. அதைக் கோளாறென்று எண்ணிப் பெட்டியை இறக்கியவர்கள் உண்டு.

கேள்வி: ஒரே மாடல் என்றால் எந்த ஆண்டுப் பெட்டியும் பொருந்திவிடும்தானே?

பொருந்தாது. வாங்கி ஏமாறுபவர்களில் பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் இதுதான். எம்ஜிபியை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை உற்பத்தியான இந்தக் காரில் 1967 வரை முதல் கியருக்கு சின்க்ரோ இல்லாத பெட்டி இருந்தது. அதன் பின் நான்கு கியருக்கும் சின்க்ரோ உள்ள பெட்டி வந்தது. இரண்டாவது வகையின் உறை பெரியது. அதற்காகவே பெட்டி உட்காரும் தரைத் தகட்டு டனலை அகலமாக்கினார்கள். எஞ்சினின் பின்தகடு, ஃபிளைவீல், ஸ்டார்ட்டர் எல்லாமே மாறின. 1965ஆம் ஆண்டுக் காரில் 1970ஆம் ஆண்டுப் பெட்டியைத் திணிக்க நினைப்பவர் டனலை வெட்ட வேண்டியிருக்கும்.

ஜாகுவார் ஈ-டைப்பில் 3.8 லிட்டர் எஞ்சின் இருந்த காலத்தில் முதல் கியருக்கு சின்க்ரோ இல்லாத, ‘மாஸ்’ என்று அழைக்கப்படும் பெட்டி இருந்தது, 1964இல் 4.2 லிட்டர் வந்தபோதுதான் எல்லாக் கியருக்கும் சின்க்ரோ கிடைத்தது. டிரையம்ஃப் டிஆர் வரிசையில் அந்த மாற்றம் 1961இல் டிஆர்4 மூலம் வந்தது. போர்ஷே 911இல் முதலில் 901 பெட்டி, 1972 மாடல் முதல் 915, 1987 மாடல் முதல் ஜி50 என மூன்று தலைமுறைகள். இவற்றில் ஜி50 நீளமானது. அதற்கு இடம்விடும்படி பின்புற சஸ்பென்ஷனின் டார்ஷன் குழாயையே மாற்றினார்கள். பழைய பாடியில் ஜி50யை ஏற்றுவது போல்ட் கழற்றி மாட்டும் வேலையோடு முடிவதில்லை, வெல்டிங்கும் சேர்ந்த வேலை.

போர்ஷே 914இன் கதை இன்னும் வேடிக்கையானது. 901இன் வழிவந்த பெட்டிதான் அதிலும் உள்ளது. ஆனால் எஞ்சின் பின்னச்சுக்கு முன்னால் இருப்பதால் பெட்டி திருப்பி வைக்கப்பட்டு, அச்சைச் சுழற்றும் கிரவுன் சக்கரமும் மறுபக்கம் மாற்றப்பட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் 911இல் மாட்டினால் முன்னோக்கிச் செல்ல ஒரு கியரும் பின்னோக்கிச் செல்ல ஐந்து கியரும் கிடைக்கும்.

எனவே விற்பவர் சொல்லும் மாடல் பெயரை நம்பாமல், உறையில் குத்தப்பட்டிருக்கும் எண்ணின் படத்தை முதலில் கேளுங்கள். அழுக்கைத் துடைத்துவிட்டு எடுத்த, எழுத்துகள் படிக்கக்கூடிய படம். அனுப்பத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

கேள்வி: காரிலிருந்து இறக்கித் தரையில் வைத்திருக்கும் பெட்டியை எப்படிச் சோதிப்பது?

ஓட்டிப் பார்க்க வழியில்லை என்பதால் கையும் கண்ணும் மூக்கும்தான் கருவிகள். முதலில் எண்ணெய் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘சுத்தமாக வடித்துவிட்டேன்’ என்ற பதில் எனக்குப் பிடிப்பதில்லை. வடித்த எண்ணெய்தான் பெட்டியின் நோய்க்குறிப்பு. எண்ணெய் உள்ளே இருந்தால் வடிகால் பிளக்கைக் கழற்றிச் சிறிதளவு வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். காந்தமுள்ள பிளக்கில் சாம்பல் நிறக் குழம்பு போல மெல்லியதாக ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலால் தேய்க்கும்போது நெருடும் செதில்கள் இருந்தால் பேரிங்கின் ஓடுபாதையோ பல்லின் மேற்பரப்போ உரிந்துகொண்டிருக்கிறது. எண்ணெயைச் சாய்த்துப் பார்க்கும்போது பொன்துகள் போல மினுங்கினால் பித்தளை சின்க்ரோ வளையங்கள் தேய்கின்றன. பால் கலந்தது போலிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படிப்பட்ட பெட்டியில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே நின்ற பற்களையும் பேரிங்குகளையும் துரு தின்றிருக்கும்.

அடுத்து இன்புட் ஷாஃப்ட். அதன் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சிறிது ஆட்டம் இருக்கவே செய்யும், ஏனென்றால் காரில் அதன் முனையைத் தாங்குவது கிராங்கில் உள்ள ஸ்பிகாட். ஆனால் ஆட்டும்போது ‘டக் டக்’ என்று உலோகம் மோதும் உணர்வு வந்தால் பேரிங் போய்விட்டது. ஸ்பிளைன் பற்களைப் பக்கத்திலிருந்து பாருங்கள்; கிளட்ச் பிளேட் உட்கார்ந்திருந்த இடத்தில் படி போலத் தேய்ந்திருந்தால் புதிய பிளேட் அங்கே சிக்கிக்கொண்டு இழுக்கும்.

பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டு இன்புட் ஷாஃப்டைக் கையால் சுழற்றுங்கள். அவுட்புட் ஃபிளாஞ்சில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கியர் விகிதத்தையே எண்ணிவிடலாம். நான்கு சின்க்ரோ எம்ஜிபி பெட்டியில் முதல் கியர் 3.44, அதாவது ஃபிளாஞ்ச் ஒரு சுற்று வர இன்புட் ஏறக்குறைய மூன்றரைச் சுற்று வர வேண்டும். நான்காவதில் இரண்டும் சேர்ந்தே சுற்றும். யாரோ ஒருவர் வேறு கியர்த் தொகுதியைக் கலந்து கட்டியிருந்தால் இந்த எண்ணிக்கையில் மாட்டிக்கொள்வார். சுழற்றும்போது ஒரே இடத்தில் தவறாமல் ஒரு தடங்கல் வந்துபோனால் அங்கே ஒரு பல் உடைந்திருக்கிறது, அல்லது ஒரு பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது.

கடைசியாக உறை. மவுண்டிங் காதுகள், கிளட்சை மூடும் பெல்ஹவுசிங்கின் விளிம்பு, வடிகால் பிளக்கைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில் விரிசல் தேடுங்கள். கருநிற அழுக்கின் நடுவே ஒரு கோடு மட்டும் ஈரமாக இருந்தால் அதுவே விரிசல். சில ஆண்டு 911 பெட்டிகளின் உறை மக்னீசியத்தால் ஆனது. அது வெண்பொடியாகப் பூத்து அரிக்கும். எபாக்சி பூசி மறைத்திருப்பதை நகத்தால் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: மூடியைத் திறந்து பார்க்க விற்பவர் சம்மதித்தால் உள்ளே எதைப் பார்க்க வேண்டும்?

சம்மதிக்கும் விற்பனையாளர் கிடைப்பது அரிது, கிடைத்தால் அந்த வாய்ப்பை விடாதீர்கள். டிரையம்ஃப் டிஆர் பெட்டியில் செலக்டர் தண்டுகளும் ஃபோர்க்குகளும் மேல் மூடியோடு சேர்ந்தே வந்துவிடும். எடுத்ததும் பற்சக்கரங்கள் அத்தனையும் கண்முன் நிற்கும்.

ஒரு கைவிளக்கையும், சந்தை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்க்ரோ வளையத்தை அதன் கியரின் கூம்பின் மேல் விரலால் அழுத்திப் பிடித்து, வளையத்துக்கும் கியரின் கோர்வைப் பற்களுக்கும் இடையிலுள்ள சந்தில் கேஜை நுழையுங்கள். வளையம் தேயத் தேய அது கூம்பின் மேல் இன்னும் உள்ளே ஏறி உட்காரும், சந்து சுருங்கும். ஜப்பானியக் கையேடுகள் பலவற்றில் புதிதாக இருக்கும்போது இது 1 மி.மீட்டருக்கு மேலாகவும், தேய்மான வரம்பு 0.8 மி.மீட்டராகவும் இருக்கும். உங்கள் பெட்டிக்கான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வளையம் பற்களைத் தொட்டே விட்டதென்றால் அந்தக் கியரில் சின்க்ரோ வேலை செய்யவே இல்லை. ஆல்ஃபா ரோமியோ 105 வரிசையிலும் பழைய 911 பெட்டிகளிலும் இருப்பது போர்ஷே வகை சின்க்ரோ. அதில் பித்தளை வளையத்துக்குப் பதிலாக மாலிப்டினம் பூசிய, ஓரிடத்தில் பிளவுபட்ட எஃகு வளையம் இருக்கும். அங்கே இந்தச் சந்தளவு செல்லாது. பூச்சு உரிந்து எஃகு பளபளக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதன் பின் லேஷாஃப்ட் கியர்த் தொகுதியை இரு முனையிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நீடில் ரோலர்கள் ஓடும் தண்டின் முனையில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுவது இவ்வகைப் பெட்டிகளின் பரம்பரை நோய். பிரிக்காமல் குழியைக் காண முடியாது. ஆட்டம் மட்டும் கையில் தெரியும். ஒருமுறை நான் வாங்கிய பெட்டி ஒன்றில் வெளிப்பூச்சு புத்தம் புதிது, எண்ணெயும் தேன் போலத் தெளிவு. லேஷாஃப்டை உருவிப் பார்த்தபோது முன்முனையில் நகம் நின்று மாட்டும் அளவுக்குப் பள்ளம். விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் எண்ணெயை மட்டும் மாற்றியிருந்தார், அதைத்தான் அவரும் சொல்லியிருந்தார்.

கேள்வி: ‘ஓவர்ஹால் செய்தது’ என்று விற்கிறார்கள். கூடுதல் விலை கொடுக்கலாமா?

எதை மாற்றினார்கள் என்ற பட்டியலும் அந்த உதிரிகளுக்கான ரசீதும் இருந்தால் கொடுக்கலாம். அந்தச் சொல்லுக்கு வரையறை இல்லை. ஒரு பட்டறையில் அது எல்லாப் பேரிங்குகளும், சின்க்ரோ வளையங்களும், லேஷாஃப்டும், த்ரஸ்ட் வாஷர்களும், சீல்களும் மாற்றப்பட்டதைக் குறிக்கும். இன்னொரு பட்டறையில் கழுவி, கேஸ்கெட் மாற்றி, வெள்ளிப் பெயின்ட் அடித்ததைக் குறிக்கும். கழற்றிய பழைய உதிரிகளைக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்ல உத்தி. உண்மையாக வேலை செய்தவர்கள் அவற்றை ஒரு டப்பாவில் வைத்திருப்பார்கள். ஆதாரம் ஏதும் இல்லையென்றால், பிரித்துச் சீர்செய்ய வேண்டிய பெட்டி என்றே கணக்குப் போட்டு, அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

கேள்வி: ஓவர்டிரைவ் உள்ள பெட்டி வாங்கலாமா?

பெட்டியின் பின்னால் அமர்ந்து, அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் அலகுதான் ஓவர்டிரைவ். நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு அதைவிட நல்ல மாற்றம் கிடையாது. நான்கு சின்க்ரோ எம்ஜிபியில் வரும் லேகாக் எல்ஹெச் வகையின் விகிதம் 0.82, எஞ்சின் 4,000 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தால் அதே வேகத்தில் 3,280க்கு இறங்கிவிடும். ஆனால் ஓவர்டிரைவ் அலகை மட்டும் தனியாக வாங்கி, சாதாரணப் பெட்டியின் பின்னால் மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எம்ஜிபியிலும் டிஆரிலும் அதற்கு, பெட்டியின் பின்னால் வெளியேறும் மெயின்ஷாஃப்டே வேறு. முழுப் பெட்டியாக, சோலனாய்டும் இன்ஹிபிட்டர் சுவிட்சும் சேர்ந்ததாக வாங்குவதுதான் முறை. டிஆர்6இல் 1973 மாடலை ஒட்டி ஏ வகையிலிருந்து ஜே வகைக்கு மாறினார்கள். உதிரி வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்ஹிபிட்டர் சுவிட்சை யாரும் மதிப்பதில்லை, ஆகவே அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது உள்ளே நடுவில் உள்ள சூரியச் சக்கரம் என்ற பற்சக்கரம் உறையோடு பூட்டப்பட்டு நிற்கும். அந்த நிலையில் காரைப் பின்னோக்கி நகர்த்தினால் ஒருவழி ரோலர் கிளட்ச் பூட்டிக்கொள்ளும். இரண்டு பூட்டுக்கும் நடுவே எது பலவீனமோ அது உடையும். ரிவர்ஸிலும் கீழ்க் கியர்களிலும் மின்சாரத்தைத் துண்டித்து இதைத் தடுப்பதே அந்தச் சுவிட்சின் வேலை. ஒயர்களை நேரடியாக இணைத்து அதைத் தவிர்த்துவிட்டு ஓட்டும் கார்களை நிறையவே பார்க்கலாம். ஓவர்டிரைவ் விடுபடாமல் சிக்கிக்கொண்டது என்று சந்தேகம் வந்தால் ரிவர்ஸ் போடவே கூடாது.

எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஓவர்டிரைவின் ஃபில்டரையும் கழுவ வேண்டும். பிடிக்கத் தாமதமாகிறது என்று வரும் அலகுகளில் பல, எண்ணெய்க் குறைவாலோ அடைத்த ஃபில்டராலோ அவதிப்படுபவை. அவற்றைப் பிரிக்கவே தேவையில்லை.

கேள்வி: ஜிஎல்-4, ஜிஎல்-5: எந்த எண்ணெய்?

இவை கியர் ஆயிலின் இரு தர வகைகள். இரண்டில் எது என்பதற்கு முன், கியர் ஆயில் வேண்டுமா என்றே கேட்க வேண்டும். எம்ஜிபியின் கையேடு பெட்டிக்கும் எஞ்சின் ஆயிலையே சொல்கிறது. 20டபிள்யூ-50 ஊற்றினால் போதும். பின்னாளில் மாற்றிப் பொருத்தப்படும் போர்க்வார்னர் டி5 வேர்ல்ட் கிளாஸ் பெட்டிக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் திரவம். கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் அதன் நார் பூசிய சின்க்ரோ வளையங்கள் குளிரில் வேலை செய்யாது.

கியர் ஆயில் கேட்கும் பித்தளை சின்க்ரோ பெட்டிகளுக்கு ஜிஎல்-4 என்பதே என் பதில். ஜிஎல்-5 உயர்ந்த எண், ஆகவே உயர்ந்த தரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. ஜிஎல்-5 ஹைபாய்டு பல் கொண்ட பின்னச்சுக்காக வகுக்கப்பட்டது. அங்கே பற்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்துவதால், எஃகின் மேல் காப்புப் படலம் உண்டாக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதில் மிகுதியாகக் கலக்கப்படுகின்றன. ஜிஎல்-4இல் அவற்றின் அளவு ஏறக்குறைய பாதி. வெப்பம் ஏறும்போது அந்தக் கந்தகம் பித்தளையில் உள்ள செம்பைத் தாக்கும். இன்றைய ஜிஎல்-5 எண்ணெய்கள் பலவற்றில் அந்த அரிப்பைப் பெரிதும் கட்டுப்படுத்திவிட்டார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் இரண்டாவது சிக்கல் அப்படியே இருக்கிறது. சின்க்ரோ வளையம் ஒரு சிறு பிரேக். அது கூம்பைப் பிடித்து வேகத்தைச் சமன்படுத்த உராய்வு வேண்டும். வழுக்கும் எண்ணெயில் அது பிடிக்காமல் நழுவும், கியர் அரைக்கும். இதே காரணத்தால் கிராஃபைட், மாலிப்டினம் கலந்த ‘அதிசய’ச் சேர்ப்புகளும் வேண்டாம்.

911 போன்றவற்றில் கிரவுன் சக்கரமும் பினியனும் கியர்களோடு ஒரே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. அங்கே அழுத்தம் தாங்கும் எண்ணெய் கட்டாயம் வேண்டும்; ஜிஎல்-4 மட்டுமே நல்லது என்று கேள்விப்பட்டதை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தாமல் அந்த ஆண்டுக் கையேடு சொல்வதை ஊற்றுங்கள்.

கேள்வி: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது?

புதிதாகக் கட்டிய பெட்டியிலோ, வரலாறு தெரியாமல் வாங்கிய பெட்டியிலோ முதல் 500 முதல் 1,000 கி.மீட்டருக்குள் ஒருமுறை மாற்றிவிட்டு, வடித்ததைத் துருவிப் பாருங்கள். அதன் பின் கையேட்டின் இடைவெளி போதும். குறைவாக ஓடும் கார்களுக்கு கிலோமீட்டரைவிட ஆண்டுக் கணக்கே பொருந்தும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என் வழக்கம். நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் வடிகால் பிளக்கைத் திறக்காதீர்கள்.

கேள்வி: பழைய பெட்டியை விட்டுவிட்டு நவீன ஐந்து கியர் பெட்டி போடுவது சரியா?

ஓட்டுவதற்கான கார் என்றால் சரி. 1982இல் ஃபோர்டு சியராவோடு வந்த டைப் 9, மாஸ்டா எம்எக்ஸ்-5இன் பெட்டி, அதிக முறுக்கு விசையுள்ள எஞ்சின்களுக்கு டி5 என வழக்கமான தேர்வுகள் உண்டு. டைப் 9இன் நான்கு சிலிண்டர் வடிவத்தில் முதல் கியர் 3.65, ஐந்தாவது 0.82. முதல் கியர் குட்டையாக இருப்பதால் இலகுவான காரில் கிளம்பியதுமே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அது சலிப்பூட்டும் என்று வாங்குவதற்கு முன் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த மாற்றத்தில் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அடாப்டர் தகடு வைத்து இணைக்கும்போது பெல்ஹவுசிங்கின் மையமும் கிராங்கின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபிளைவீலில் டயல் கேஜைப் பொருத்திச் சுற்றிப் பார்த்தால் ஊசியின் மொத்த அசைவு 0.13 மி.மீட்டருக்குள், அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்துக்குள், இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. இதைப் பார்க்காமல் மாட்டினால் இன்புட் பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டரில் பாடத் தொடங்கும். இன்புட் ஸ்பிளைனுக்கு ஏற்ற கிளட்ச் பிளேட், நீளம் திருத்திய புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கான இணைப்பு ஆகிய மூன்றும் செலவுக் கணக்கில் எப்போதும் விடுபட்டுப் போகும்.

கழற்றிய அசல் பெட்டியை விற்றுவிடாதீர்கள். காரின் ஆவணங்களோடு எண் பொருந்தும் பெட்டி பின்னாளில் காரோடு சேர்ந்து கைமாற வேண்டிய பொருள்.

கேள்வி: ஓட்டும் விதத்தால் பெட்டியின் ஆயுள் கூடுமா?

கூடும். ஆல்ஃபா 105 வரிசையின் இரண்டாவது கியர் சின்க்ரோ பலவீனமானது என்பது அதை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்; எண்ணெய் சூடாகும் வரை இரண்டாவதைத் தொடாமல் முதலிலிருந்து மூன்றாவதுக்குப் போவார்கள். 915 பெட்டியும் குளிரில் அவசரத்தை விரும்பாது. நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்திப் பிறகு தள்ளினால் தானாகவே உள்வாங்கிக்கொள்ளும். கையை லீவர்மேல் ஓய்வாக வைத்து ஓட்டுவது ஃபோர்க்கைச் சுழலும் ஸ்லீவின் மேல் அழுத்திக்கொண்டே இருப்பதற்குச் சமம். பல பிரிட்டிஷ் கார்களில் ரிலீஸ் பேரிங் உண்மையில் பேரிங்கே அல்ல, ஒரு கார்பன் வளையம். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நின்றால் அது பென்சில் முனை போலத் தேயும்.

கேள்வி: பழுதான காரைக் கட்டி இழுத்துச் செல்லலாமா?

பின்சக்கரங்கள் தரையில் உருள, நெடுந்தூரம் வேண்டாம். எஞ்சின் நின்றிருந்தால் நியூட்ரலில் இன்புட்டும் லேஷாஃப்டும் சுழலாது. அடியிலுள்ள எண்ணெயை மேலே வாரியிறைப்பது லேஷாஃப்ட்தான். மெயின்ஷாஃப்ட் மட்டும் வறண்டு சுழன்று புஷ்கள் ஒட்டிக்கொள்ளும். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுங்கள், அல்லது வண்டியில் ஏற்றுங்கள்.

கேள்வி: வாங்கிய பெட்டியை உடனே மாட்டவில்லை. எப்படி வைத்திருப்பது?

எண்ணெய் நிறைத்து, எல்லாத் துளைகளையும் அடைத்து, ஈரமில்லாத இடத்தில், சிமென்ட் தரையில் நேரடியாகப் படாமல் பலகைமேல் வையுங்கள். மாதம் ஒருமுறை கியரில் போட்டு இன்புட்டைச் சில சுற்று சுற்றினால் மேலே உள்ள பற்களும் நனையும்.

கேள்வி: பெட்டியை ஏற்றும்போது கூடவே எவற்றை மாற்ற வேண்டும்?

கிளட்ச், ரிலீஸ் பேரிங், எஞ்சினின் பின்புற ஆயில் சீல், பெட்டியின் மவுண்ட், ஸ்பிகாட் புஷ் ஆகியவற்றை யோசிக்காமல் மாற்றுங்கள். இவற்றில் ஒன்றுக்காக மீண்டும் எல்லாவற்றையும் இறக்குவது பெரும் தண்டனை. வெண்கலப் புஷ்ஷை முதல் நாளே எஞ்சின் எண்ணெயில் ஊறப் போட்டுவிடுங்கள். பெட்டியைத் தள்ளும்போது அதன் எடை ஒரு கணமும் கிளட்ச் பிளேட்டின்மேல் தொங்கக் கூடாது. பிளேட்டின் நடுப்பகுதி வளைந்தால், முதல் கேள்வியில் சொன்ன அதே கிளட்ச் இழுவை புதிய பெட்டியோடு திரும்பி வரும். போல்ட்டால் இழுத்து உட்கார வைக்கவும் முயலாதீர்கள். கையால் தள்ளி முழுதாகச் சேராவிட்டால் ஸ்பிளைனோ மையமோ பொருந்தவில்லை. அவுட்புட் ஃபிளாஞ்சைச் சற்றே திருப்பி மறுபடி தள்ளிப் பாருங்கள். ஓவர்டிரைவ் உள்ள பெட்டியானால் எண்ணெய் நிரப்பிப் பத்து கிலோமீட்டர் ஓட்டி, பாதை சமமான இடத்தில் நிறுத்தி, மட்டத்தை மறுபடி பாருங்கள். ஓவர்டிரைவ் தன் பங்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும், இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும்.